யார் சமைத்த ருசி? யார் தின்னும் பம்பாய்?

பம்பாய்க்குப் போகிறவர் எதைத் தின்ன வேண்டும், எங்கே குடிக்க வேண்டும் என்று சொல்லித் தருவதற்கு இப்போது ஒரு கூட்டமே கிளம்பியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் வழவழப்பான தாளைப் புரட்டுங்கள். ‘மூன்று நாளில் முப்பது ருசி’ என்ற பாணியில் படமும் எழுத்துமாக இருக்கும். காலையில் ஈரானி டீக்கடை, மத்தியானம் கொங்கணி மீன், சாயங்காலம் வடா பாவ், இரவில் பரேலில் ஏதாவதொரு பழைய ஆலைக்குள் வண்ண விளக்குப் போட்ட மதுக்கடை. ‘எத்தனை வகை! எத்தனை மக்கள்! எத்தனை மொழி!’ என்று எழுதுகிறவர் சொக்கிப் போகிறார்.

சாப்பாட்டைப் பற்றி எழுதுவது குற்றமல்ல. ஊர் பார்க்கப் போன இடத்தில் ருசியாக ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்று உழைப்பாளிக்கும் ஆசை உண்டு; இருக்கவும் வேண்டும். நாம் கேட்பது வேறு கேள்வி. இந்த ருசியெல்லாம் எங்கிருந்து வந்தது? இதைச் சமைத்த கைகள் யாருடையவை? அந்தக் கைகள் இப்போது எங்கே? இந்த மூன்று கேள்வியையும் நமது ருசிப் பண்டிதர்கள் மறந்தும் கேட்பதில்லை. கேட்டால் தின்றது செரிக்காது என்று பயம் போலும்!

அவர்கள் சுற்றிய அதே பம்பாயை, 1995-ல் மும்பை என்று பெயர் மாறிய அதே நகரத்தை, நாமும் ஒருமுறை சுற்றி வருவோம், தோழர்களே. தட்டைப் பார்ப்பதோடு நில்லாமல் அடுப்பங்கரையையும் பார்ப்போம்.

சோறு தேடி வந்தவன் கொண்டு வந்த ருசி

1854-ல் காவஸ்ஜி டாவர் என்ற பார்சி வியாபாரி பம்பாயில் பஞ்சாலைக் கம்பெனி தொடங்கினார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் பரேல், லால்பாக், வொர்லி வட்டாரம் முழுவதும் புகைபோக்கிகள் முளைத்தன. ‘கிரண்காவ்’, அதாவது ஆலைக் கிராமம், என்று அந்த வட்டாரத்துக்கே பெயர் வந்தது. ஆலைக்கு ஆள் எங்கிருந்து வந்தான்? கொங்கணக் கரையில் துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு பசியால் துடித்தவன் வந்தான். சாதாராவில் மழை பொய்த்து, வட்டிக்காரனிடம் மாட்டைப் பறிகொடுத்தவன் வந்தான். வடக்கேயிருந்து வந்தான். தெற்கேயிருந்தும் வந்தான்.

வந்தவன் வெறுங்கையோடுதான் வந்தான். ஆனால் தன் ஊர்ச் சாப்பாட்டை நாக்கில் சுமந்து வந்தான். சோள மாவைத் தட்டிச் சுட்ட பாக்ரி ரொட்டி, கடலை மாவைக் கிண்டிய ஜுன்கா, பொம்பில் கருவாடு, காரம் போட்ட பயறு எல்லாம் அப்படி வந்தவைதான். இன்று நட்சத்திர ஓட்டல்காரன் ‘அசல் கொங்கணி விருந்து’ என்று பீங்கான் தட்டில் வைக்கிறானே, அது நேற்று ஓர் ஏழை விவசாயியின் தூக்குவாளியில் இருந்த பண்டம்!

வடா பாவையே எடுத்துக் கொள்ளுங்கள். பாவ் ரொட்டி போர்ச்சுக்கீசியரோடு கோவாவுக்கு வந்த ரொட்டி. உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. கடலை மாவு இந்த நாட்டு விவசாயியின் வியர்வை. 1966-ல் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே அசோக் வைத்யா என்பவர் இவற்றை ஒன்றாக்கி விற்கத் தொடங்கினார் என்று பம்பாயில் சொல்கிறார்கள். ஷிப்டுக்கு ஓடுகிறவன் நின்றபடியே தின்று, கையைத் துடைத்துக்கொண்டு ஓட வசதியான தீனி அது. நேரமும் காசும் இல்லாதவனின் சாப்பாடு! அந்த அவசரத்தை உண்டாக்கியது ஆலைச் சங்கு. இதை எந்த ருசிப் பண்டிதர் எழுதுகிறார்?

அன்னமிட்ட கைகள்

ஆலைத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்கள். ‘சால்’ என்று சொல்லப்படும் அடுக்கு லைன் வீடுகளில் ஓர் அறைக்குப் பத்துப் பேர், இருபது பேர். பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போன பாயில் இரவு ஷிப்டுக்காரன் வந்து படுப்பான். அங்கே அடுப்பு ஏது?

இவர்களுக்குச் சோறு போட்டவர்கள் அதே லைன் வீட்டுப் பெண்கள். ‘கானாவள்’ என்பது அந்த மாதக் கணக்குச் சாப்பாட்டு வீட்டின் பெயர். நம் ஊர் மெஸ் மாதிரி. ஆனால் பலகை கிடையாது, சம்பளத்துக்கு ஆள் கிடையாது. ஒரே பெண், ஒரே அறை, ஒரே அடுப்பு. இருபது முப்பது பேருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. விடியுமுன் எழுந்து மாவு பிசைந்து, நள்ளிரவு ஷிப்டு முடித்து வருகிறவனுக்கும் தட்டு வைத்துவிட்டுப் படுப்பாள். அவளை எந்தக் கணக்கிலும் தொழிலாளி என்று எழுதவில்லை.

1928-ல் கிர்னி காம்கார் சங்கத்தின் செங்கொடியின் கீழ் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆறு மாதம் கூலி இல்லாமல் ஒரு நகரத்தின் தொழிலாளி வர்க்கம் நிற்பதென்றால் சும்மாவா? பின்னால் வந்த வேலைநிறுத்தங்களிலும் கானாவள் பெண்கள் கடனுக்குச் சோறு போட்டார்கள். தாங்கள் வட்டிக்காரனிடம் கடன் வாங்கி, தொழிலாளிக்குக் கடன் சோறு போட்டார்கள். சங்கத்தின் வரலாற்றில் ஊர்வலமும் துப்பாக்கிச் சூடும் இருப்பது போல, இந்த அடுப்பும் இருக்க வேண்டும்.

இந்தப் பெண்களை ஒன்றுதிரட்டியவர் தோழர் பிரேமா புராவ். கோவா விடுதலைப் போராட்டத்தில் குண்டடி பட்டவர். பம்பாய் தொழிற்சங்கத்தில் உழைத்த கம்யூனிஸ்ட். 1975-ல் அவர் ‘அன்னபூர்ணா மகிளா மண்டல்’ என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். வட்டிக்காரனின் பிடியிலிருந்து கானாவள் பெண்களை விடுவித்து, நாட்டுடைமையான வங்கிகளில் கடன் வாங்கித் தந்தார். அடமானம் வைக்க ஒரு குண்டுமணித் தங்கமும் இல்லாத பெண்கள், ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று கடன் வாங்கினார்கள், கட்டியும் தீர்த்தார்கள். பம்பாயின் சாப்பாட்டுச் சிறப்பைப் பேசுகிறவன் முதலில் வணங்க வேண்டிய வாசல் இது. ஆனால் எந்த வழிகாட்டிப் புத்தகத்தில் இந்த வாசலுக்கு வழி போட்டிருக்கிறது?

ருசியை வைத்தே பகை மூட்டினார்கள்

‘எத்தனை வகை மக்கள்!’ என்று உருகுகிறார்களே, அந்த மக்கள் சேர்ந்து வாழ்வதைப் பொறுக்காமல் கலகம் மூட்டியவர்களைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

1966-ல் சிவசேனை பிறந்தது. முதல் வேலையாக, மராத்தி இளைஞனின் வேலையைப் பறித்தவன் ‘மதராஸி’ என்று விரல் நீட்டியது. ஆலை முதலாளியின் மேல் பாய வேண்டிய கோபத்தை இட்லிக்கடையின் மேல் திருப்பிவிட்டது. உடுப்பி ஓட்டல்கள் மேல் கல் விழுந்தது. ‘மராத்திக்காரனின் பண்டம் வடா பாவ்’ என்று தீனிக்கும் கட்சிக் கொடி கட்டினார்கள். பாவ் எந்த நாட்டு ரொட்டி என்று அவர்களைக் கேட்பாரில்லை!

இந்த ஆட்டம் யாருக்கு லாபம்? 1967 டிசம்பரில் பரேலில் கம்யூனிஸ்ட் தொழிற்சங்கம் இருந்த தள்வி கட்டடம் தாக்கப்பட்டது. 1970 ஜூன் 5-ம் தேதி இரவு, அந்தப் பகுதித் தொழிலாளர்களின் சட்டமன்ற உறுப்பினர் தோழர் கிருஷ்ணா தேசாய் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் சிவசேனைக்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். இட்லிக்கடையில் விழுந்த கல் கடைசியில் செங்கொடியின் மேல் விழத்தான் எறியப்பட்டது என்பது விளங்கவில்லையா?

மராத்தித் தொழிலாளிக்கு இதனால் என்ன கிடைத்தது? தமிழன் கடையை உடைத்த கையில் வேலை வந்து விழுந்ததா? அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அவன் ஆலையே போய்விட்டது!

புகைபோக்கியின் கீழே மதுக்கடை

1982 ஜனவரி 18. டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் சுமார் 2½ லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முதலாளிகள் பேச மறுத்தார்கள். சர்க்கார் முதலாளிகளின் முதுகைத் தட்டிக் கொடுத்தது. வேலைநிறுத்தம் முடிந்தது என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டதே இல்லை. ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. தொழிலாளி தெருவில் நின்றான். அவனுக்குச் சோறு போட்ட கானாவள் அடுப்பும் அணைந்தது.

முதலாளிக்கு அப்போதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. நூலைவிட நிலம் விலை போகும்! நகரத்தின் நடுவயிற்றில் சுமார் 600 ஏக்கர் ஆலை நிலம். 1991-ல் வந்த விதிப்படி, ஆலை நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றினால் ஒரு பங்கு நகரசபையின் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கு, ஒரு பங்கு ஆலைக்காரனுக்கு என்று இருந்தது. 2001-ல் அந்த விதியை மாற்றினார்கள். மொத்த நிலத்தையும் மூன்றாகப் பிரிக்க வேண்டியதில்லை, கட்டடம் இல்லாத காலியிடத்தை மட்டும் பிரித்தால் போதும் என்றார்கள். ஆலை நிலத்தில் காலியிடம் எவ்வளவு இருக்கும்? கொட்டகையும் கிடங்கும்தானே நிறைந்திருக்கும்! ஏழைக்கு வர வேண்டிய நிலம் பேனாவின் ஒரு கீறலில் சுருங்கிப் போயிற்று. பம்பாய் உயர் நீதிமன்றம் 2005-ல் இந்த மாற்றம் செல்லாது என்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

பிறகென்ன? தறி ஓடிய கொட்டகையில் அங்காடி மாளிகை. நூல் சுற்றிய இடத்தில் மதுக்கடை. புகைபோக்கியை மட்டும் இடிக்காமல் விட்டு, அதற்கு விளக்குப் போட்டு, ‘பழைய ஆலையின் அழகிய சூழல்’ என்று விளம்பரம். ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலியை ஒரு கிண்ணம் விழுங்கிவிடும் அந்த இடத்துக்கு, அங்கே முப்பது வருஷம் தறி ஓட்டியவன் இன்று காவல்காரனாகவாவது உள்ளே போக முடியுமா? வீடு கேட்டு மனுச் செய்த ஆலைத் தொழிலாளர்களும் வாரிசுகளும் ஒன்றரை லட்சத்துக்கு மேல். வீடு கிடைத்ததோ அதில் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டுமே.

பதினோரு நாளில் இரண்டு தீ

‘ஓட்டல்கள் வந்தால் வேலை பெருகுமே, அதைக் கெடுக்கலாமா?’ என்று சிலர் கேட்பார்கள். எப்படிப்பட்ட வேலை என்று பார்ப்போம்.

2017 டிசம்பர் 18. பம்பாய் சாகிநாகாவில், மிக்சர் காராபூந்தி வகையறா செய்யும் ஒரு பட்டறையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. 12 தொழிலாளிகள் இறந்தார்கள். எண்ணெய்க் கொப்பரையைக் கிளறிவிட்டு, இருக்க வீடில்லாமல் அதே பட்டறையின் பரணில் படுத்துறங்கியவர்கள். தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வழியில்லாமல் செத்தார்கள்.

டிசம்பர் 29. பதினோரு நாள் கழித்து, பரேல் கமலா மில் வளாகத்தில் மொட்டை மாடி மதுக்கடையில் நள்ளிரவில் தீப்பிடித்தது. 14 பேர் இறந்தார்கள். விருந்துக்கு வந்தவர்கள் அவர்கள். வெளியே போக வழி தெரியாமல் கழிப்பறைக்குள் ஒதுங்கியவர்கள் புகையில் மூச்சு முட்டி மாண்டார்கள். மறுநாளே நகரசபை ஆட்கள் சம்மட்டியோடு கிளம்பி, நகரமெங்கும் நூற்றுக்கணக்கான ஓட்டல்களில் அனுமதியில்லாத கட்டுமானங்களை இடித்தார்கள். ஒரே நாளில் இத்தனை இடம் எப்படித் தெரிந்தது? முந்தைய நாள் வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தது எதனால்? காசு எனும் சுண்ணாம்பு கண்ணில் விழுந்ததாலா?

இரண்டு தீயிலும் போனது மனித உயிர்தான். பணக்காரப் பிள்ளையின் சாவைக் கண்டு மகிழ்பவன் கம்யூனிஸ்ட் அல்ல. அந்தத் தாய்மாரின் கண்ணீரும் நமக்குக் கண்ணீர்தான். ஆனால் இரண்டாவது தீயைப் பற்றி நாடெல்லாம் வாரக்கணக்கில் எழுதினார்கள். முதல் தீயில் வெந்த பன்னிரண்டு பேரை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ‘பம்பாய் வந்தால் பர்சான் வாங்காமல் போகாதீர்கள்’ என்று எழுதும் பேனா, அதைப் பொரித்தவன் எங்கே படுத்தான் என்று ஒரு வரி எழுதியதா? லாபம் ஒன்றே குறி என்றால் தின்னுகிறவனுக்கும் பாதுகாப்பில்லை, சமைக்கிறவனுக்கும் பாதுகாப்பில்லை. இரண்டு தீயும் சொல்லும் பாடம் இதுதான்.

குடிக்கு இரண்டு நீதி

குடியைப் பற்றியும் பேசுவோம். 1949-ல் வந்தது பம்பாய் மதுவிலக்குச் சட்டம். பெயர் மாறி இன்றும் இருக்கிறது. குடிப்பதற்குப் பர்மிட் வேண்டும் என்ற விதி இன்றும் புத்தகத்தில் இருக்கிறது. கமலா மில் மாடியில் பர்மிட் கேட்பது யார்? சட்டத்தின் கை குடிசையைத்தான் தட்டும். மாளிகை வாசலில் அது சலாம் போடும்.

குடிசைக்காரன் குடித்தது என்ன? 2015 ஜூன் மாதம் மாலாட் மால்வணியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கூலிக்காரர்கள், துப்புரவுத் தொழிலாளிகள். அலுத்த உடம்போடு மலிவானதைத் தேடிப் போனவனுக்கு விஷத்தை விற்றார்கள். குடி குடியைக் கெடுக்கும் என்று நாம் சங்கக் கூட்டத்தில் ஓயாமல் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் மாடியில் அருந்தினால் ‘நாகரிகம்’, குடிசையில் குடித்தால் ‘ஒழுக்கக் கேடு’ என்று இரட்டை நாக்கால் பேசுகிறவனுக்கு நமக்கு உபதேசம் செய்ய யோக்கியதை இல்லை!

இறைச்சியிலும் இதே கதை. 2015 மார்ச்சில் மகாராஷ்டிரத்தில் காளை, எருது அறுப்பதற்கும் தடை போட்டார்கள். ஏழை முஸ்லிமுக்கும் தலித்துக்கும் கிறிஸ்தவருக்கும் மலிவாகக் கிடைத்த சத்தான உணவு பறிபோயிற்று. குரேஷிகளின் பரம்பரைத் தொழில் விழுந்தது. கிழட்டு மாட்டை விற்று அடுத்த மாடு வாங்கிய விவசாயியும் கையைப் பிசைந்தான். ‘எத்தனை வகை உணவு!’ என்று வியப்பவர்கள் இந்தத் தடையின் பக்கம் திரும்பியாவது பார்த்தார்களா?

தெருக்கடைக்குப் புகழ் ஒரு கையில், தடி மறு கையில்

பம்பாய்த் தெருத் தீனியைப் புகழாத பத்திரிகை கிடையாது. தெருவில் விற்கிறவனை விரட்டாத நாளும் கிடையாது.

2014-ல் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சும்மா வரவில்லை, நாடெங்கும் தெரு வியாபாரிகள் சங்கம் கட்டிப் போராடியதால் வந்தது. நகர ஜனத்தொகையில் 2½ சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கலாம். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. நடந்தது என்ன?

2017 செப்டம்பர் 29-ல் எல்பின்ஸ்டன் ரோடு ரயில் நிலையத்தின் குறுகிய மேம்பாலத்தில் நெரிசலில் 23 பேர் நசுங்கிச் செத்தார்கள். ஆலைகள் இருந்த இடத்தில் ஆபீசு மாளிகைகள் எழுந்து, லட்சக்கணக்கானோர் வந்திறங்கும் நிலையத்துக்குப் பழைய பாலமே கதி என்று விட்டவன் யார்? ரயில்வே நிர்வாகம்! ஆனால் பழி யார் தலையில் விழுந்தது? கூடைக்காரி தலையில்! மகாராஷ்டிர நவநிர்மாண் சேனையின் ஆட்கள் தடியோடு வந்து, நிலைய வாசல்களில் விற்ற ஏழைகளை அடித்து, சரக்கைத் தெருவில் கொட்டினார்கள். நவம்பரில் உயர் நீதிமன்றமும் ரயில் நிலையத்திலிருந்து 150 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

‘தெருக்கடையில் சுத்தமில்லை’ என்பார்கள். தண்ணீர்க் குழாய் தந்தாயா? குப்பைத் தொட்டி வைத்தாயா? லைசென்சு கேட்டவனுக்குக் கொடுத்தாயா? கொடுக்காமல் மாமூல் மட்டும் வாங்கிவிட்டு, சுத்தத்தைப் பற்றிப் பேச வெட்கமில்லையா?

தாராவி இட்லிக்கு வரும் ஆபத்து

கடைசியாக நம்முடைய ஜனங்களிடம் வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையின் பண்ணைக் கொடுமைக்கும் பஞ்சத்துக்கும் தப்பி, தோல் பதனிடும் வேலைக்காகத் தமிழ் உழைப்பாளிகள் தாராவிக்குப் போனார்கள். அந்த மக்களின் வீட்டுக்குள் இன்றும் நள்ளிரவுக்கு மேல் இட்லி வேகிறது. விடியுமுன் அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஹாரன் அடித்தபடி, நகரத்தின் மூலை முடுக்கெல்லாம் போகிறார்கள். பம்பாய்க்காரன் தெருமுனையில் தின்னும் காலை இட்லியில் பெரும்பங்கு இந்தக் குடிசைகளில் வெந்ததுதான்.

இப்போது தாராவியை இடித்துக் கட்டப் போகிறார்கள். 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது அதானி குழுமம். நகரத்தின் மையத்தில் தங்கம் விளையும் நிலம்! 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து கீழ்த்தளத்தில் குடியிருப்பதாகக் காகிதம் காட்டுகிறவருக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு. மாடியில் குடியிருப்பவருக்கும், பின்னால் வந்தவருக்கும் தாராவிக்கு வெளியேதான். அதுவும் விலைக்கோ வாடகைக்கோ.

தாராவியில் மாடி ஏணியில் ஏறி வாழ்பவன் யார்? கீழே வீடு பிடிக்க வக்கில்லாத கூலிக்காரன்தான். காகிதம் இல்லாதவன் யார்? வெள்ளத்திலும் தீயிலும் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் இழந்தவன்தான். இட்லி அவிக்கிறவளை நகரத்தின் எல்லைக்குத் தள்ளிவிட்டால், விடியுமுன் அவள் எங்கே அவிப்பாள், யார் சைக்கிளில் கொண்டு வருவார்? வீடும் பட்டறையும் ஒன்றாக இருப்பதுதான் அவள் பிழைப்பு. ஆலை நிலத்தில் செய்த அதே கணக்கு இப்போது குடிசை நிலத்தில் நடக்கிறது. முதலில் தறிக்காரனை வெளியேற்றினார்கள். இப்போது அடுப்புக்காரியை வெளியேற்றுகிறார்கள். அப்புறம் அதே இடத்தில் ஓட்டல் கட்டி, ‘தாராவி இட்லி’ என்று பெயர் வைத்து விற்றாலும் விற்பார்கள்!

நாம் கேட்பது

இது பம்பாய்க்காரன் கவலை, நமக்கென்ன என்று கோவைத் தொழிலாளியோ தஞ்சை விவசாயத் தொழிலாளியோ இருந்துவிடக் கூடாது. 1918-ல் நாட்டின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று சென்னைப் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களிடையே பிறந்தது. 1996-ல் அந்த ஆலை மூடப்பட்டது. அந்த மண்ணில் அடுக்கு மாடிகள் எழுந்துவிட்டன. நகரத்தின் நடுவே ஆலையும் குடிசையும் இருக்கும் ஊரிலெல்லாம் இந்தக் கண் பாய்ந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆகவே நாம் கேட்கிறோம்: ஆலை நிலத்தை இழந்த தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் நகரத்துக்குள்ளேயே வீடு கொடு! தாராவியில் மாடி, கீழ்த்தளம் என்று பிரிக்காதே. இருக்கிற அத்தனை பேருக்கும் அதே இடத்தில் வீடும் தொழில் செய்ய இடமும் கொடு! தெரு வியாபாரிகள் சட்டத்தை எழுத்துப்படி அமலாக்கு. தண்ணீரும் லைசென்சும் கொடு! ஓட்டல், பட்டறைத் தொழிலாளி கொப்பரைப் பக்கத்தில் படுத்துச் சாகாதபடி தங்குமிடமும் எட்டு மணி நேர வேலையும் உறுதி செய்!

பம்பாய்க்குப் பிழைக்கவோ ஊர் பார்க்கவோ போகும் தோழர்களே, போய் வாருங்கள். வயிறாரச் சாப்பிடுங்கள். வடா பாவ் தின்னுங்கள், ஈரானி டீ குடியுங்கள், தாராவி தொண்ணூறடி சாலையில் நம் ஊர்ப் பெண் அவித்த இட்லியையும் தின்னுங்கள். தின்றுவிட்டுக் காசை நீட்டும்போது கூடவே ஒரு கேள்வியையும் கேளுங்கள்: ‘உங்களுக்கு இங்கே சங்கம் உண்டா?’

உண்டென்றால் கை குலுக்குங்கள். இல்லையென்றால் அதைக் கட்டுவது நம் வேலை.